வலைப்பயிற்சி முதல் கோடிகள் வரை: இளம் வீரர்களை சன்ரைசர்ஸ் ஹைதராபாத் எடைபோட்ட விதம்

ஹைதராபாத்: உப்பல் ராஜீவ் காந்தி சர்வதேச மைதானத்தில் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி நடைபெற்ற ஐபிஎல் ஆட்டத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியைச் சரித்தவர் வெளியூர்க்காரர் அல்லர். குஜராத் டைட்டன்ஸ் அணிக்காக 4 ஓவர்களில் 17 ரன்கள் மட்டுமே கொடுத்து 4 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய முகமது சிராஜ், இதே நகரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய ஐபிஎல் பயணம் தொடங்கியதும் சன்ரைசர்ஸ் அணியில்தான். 2017 ஏலத்தில் ரூ.20 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரை ரூ.2.6 கோடி கொடுத்து வாங்கிய அணி, அடுத்த ஆண்டே கைவிட்டது. அதே 2018 ஏலத்தில் அந்த அணி ரூ.40 லட்சத்துக்கு வாங்கிய சேலம் மாவட்ட இளைஞர் ஒருவர், இரண்டு ஆண்டுகள் ஓர் ஆட்டத்திலும் ஆடாமல் காத்திருந்தார். அவர்தான் டி.நடராஜன்.

ஒருவரை விட்டுவிட்டு மற்றவரை வைத்துக்கொள்ளும் முடிவை ஒரு தொழில்முறை அணி எதைக் கொண்டு எடுக்கிறது? வெளியே தெரிவது ஏலத்தொகை மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் நிகழும் மதிப்பீடு இளைஞர் ஒருவரின் சில ஆண்டுகளை உயர்த்தவும் செய்யலாம், வீணாக்கவும் செய்யலாம். சன்ரைசர்ஸ் அணியின் பதிவுகளில் இரண்டுக்கும் சான்றுகள் உண்டு.

வளர்ப்பு அணி இல்லாத அமைப்பு

டெக்கான் சார்ஜர்ஸ் அணியின் உரிமம் ரத்தானதையடுத்து, 2012 அக்டோபரில் ஹைதராபாத் அணிக்கான உரிமையை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டிவி நெட்வொர்க் பெற்றது. 2013இல் களமிறங்கிய சன்ரைசர்ஸ், 2016இல் பட்டம் வென்றது. 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் இறுதிப்போட்டியில் தோற்றது.

பிற நாடுகளின் தொழில்முறை விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் ஐபிஎல் அணிகளின் நிலை விநோதமானது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 32 அணிகள் உள்ளன. 18 வயதை எட்டிய வீரர்களை அவை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் தேர்வு செய்கின்றன. தேர்வானவர் உடனே முதன்மை அணிக்கு வரவேண்டியதில்லை. அவருடன் ஒப்பந்தம் செய்யும் உரிமை அணியிடம் இருக்கும். அவரோ இளையோர் லீக்கிலோ, முதன்மை அணியுடன் இணைந்த இரண்டாம் நிலை அணியிலோ சில ஆண்டுகள் ஆடித் தேறுவார். அவ்வாறு தேறிவரும் காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு அவரை அளந்து பார்ப்பதே அங்கு தனித்துறையாக வளர்ந்துள்ளது.

ஐபிஎல் அணிக்கு அத்தகைய இரண்டாம் நிலை அணி இல்லை. ஏலத்தில் வாங்கப்பட்ட இளைஞர் இரண்டு மாத காலம் அணியோடு இருப்பார். மற்ற மாதங்களில் தம் மாநிலச் சங்கத்துக்கு ஆடுவார். பயிற்சி முகாம்களுக்கு அழைக்கலாமே தவிர, அவரை எந்த வரிசையில் இறக்குவது, எத்தனை ஓவர் வீசச் செய்வது என்பதெல்லாம் மாநில அணியின் முடிவு. அதோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மெகா ஏலம் அணியையே கலைத்துவிடுகிறது. வளர்த்த பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொற்ப இடங்களே உண்டு. ஆகவே இங்கு மதிப்பீடு என்பது ‘இவர் யார்’ என்ற கேள்வியோடு நிற்பதில்லை. ‘இவருக்காக எவ்வளவு காலம் காத்திருக்கலாம்’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சரியான விடை கிடைக்கிறது. அணிகள் தடுமாறுவது இரண்டாவதில்தான்.

எங்கிருந்து வருகிறார்கள்?

இளம் வீரரின் பெயர் அணி நிர்வாகத்தின் காதுக்கு எட்டும் வழிகள் பல. 16 வயது, 19 வயதுக்குட்பட்டோர் போட்டிகள், ரஞ்சி கோப்பை, சையது முஷ்டாக் அலி டி20 கோப்பை ஆகியவை பழைய வழிகள். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போன்ற மாநில டி20 தொடர்கள் புதிய வாசலைத் திறந்தன. அணிகள் நடத்தும் தேர்வு முகாம்கள் வேறு. அங்கு வலையில் பந்தை அடித்துக் காட்டினால் மட்டும் போதாது. இத்தனை பந்துகளில் இத்தனை ரன் வேண்டும், இன்னின்ன இடங்களில் ஃபீல்டர்கள் நிற்கிறார்கள் என்று ஆட்டச் சூழலை அமைத்துச் சோதிப்பதே வழக்கம்.

திறமை தேடுவோராகப் பெரும்பாலும் முன்னாள் வீரர்களே பணியமர்த்தப்படுகின்றனர். 2022 சீசனுக்கு முன் தமிழ்நாட்டின் ஹேமங் பதானி, சன்ரைசர்ஸ் அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளராகவும் திறமை தேடுநராகவும் ஒருங்கே நியமிக்கப்பட்டார். இலங்கையின் முத்தையா முரளிதரன் 2015 முதல் அணியின் பந்துவீச்சுப் பயிற்சிக் குழுவில் இருந்து வருகிறார்.

ஸ்கோர்கார்டில் உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது என்பது இவர்களின் முதல் பாடம். ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த நிதிஷ் குமார் ரெட்டி, 2017-18 பருவத்தில் 16 வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பையில் 1,237 ரன்கள் குவித்தார். அதில் நாகாலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 441 ரன்கள். எதிரணி எத்தகையது, ஆடுகளம் எப்படி, அந்த வயதில் சிலருக்கு முன்கூட்டியே வந்துவிடும் உடல்வலு எவ்வளவு என்றெல்லாம் கழித்துப் பார்த்த பிறகே அத்தகைய எண்ணுக்குப் பொருள் உண்டு. 441 என்ற எண்ணைவிட, ஒரு பருவம் முழுவதும் சலிக்காமல் ஆடிய பொறுமையே அங்கு கவனிக்கத்தக்கது. மாநில டி20 தொடர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிறிய எல்லைக்கோடும் தட்டையான ஆடுகளமும் சேர்ந்தால் சராசரி ஆட்டக்காரரும் சிக்ஸர் மன்னராகத் தெரிவார்.

யார்க்கர் என்னும் ஒற்றைத் திறன்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர் நடராஜன். 2015இல் ரஞ்சி கோப்பையில் தமிழ்நாட்டுக்காக அறிமுகமானபோது அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குள்ளானது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பியவருக்கு 2016இன் முதல் டிஎன்பிஎல் தொடர் கைகொடுத்தது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக அவர் வீசிய யார்க்கர்கள் ஐபிஎல் அணிகளின் பார்வையில் பட்டன. 2017 ஏலத்தில் ரூ.10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைக் கிங்ஸ் லெவன் பஞ்சாப் ரூ.3 கோடிக்கு எடுத்தது. 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகள் மட்டுமே வீழ்த்தினார். அடுத்த ஆண்டு பஞ்சாப் அவரை வைத்துக்கொள்ளவில்லை.

பஞ்சாப் தவறாக மதிப்பிட்டதா? அப்படிச் சொல்வது எளிது. ஆனால் கிராமத்து டென்னிஸ் பந்திலிருந்து ஐபிஎல் வரையிலான தொலைவை ஒரே ஆண்டில் தாண்டிய இளைஞரிடம் ரூ.3 கோடிக்கான விளைவை உடனே எதிர்பார்த்ததில்தான் பிழை இருந்தது. சன்ரைசர்ஸ் செய்தது வேறு. புவனேஷ்வர் குமார், சித்தார்த் கவுல், சந்தீப் சர்மா என இந்திய வேகப்பந்து வீச்சாளர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த அணியில், ரூ.40 லட்சத்துக்கு வந்த நடராஜன் மீது எந்தச் சுமையும் இல்லை. 2018, 2019 இரண்டு சீசன்களிலும் ஆடும் பதினோரு பேரில் அவர் பெயர் வரவில்லை. வலைப்பயிற்சியில் உலகின் முன்னணி பேட்டர்களுக்குப் பந்து வீசிக்கொண்டே இருந்தார்.

2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்ற தொடரில் புவனேஷ்வர் காயமடைந்து விலகியபோது, இறுதி ஓவர்களை வீச ஓர் ஆள் தேவைப்பட்டது. 16 ஆட்டங்கள், 16 விக்கெட்டுகள். எலிமினேட்டர் ஆட்டத்தில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கர் அந்தத் தொடரின் அடையாளமாகவே மாறியது. பின்னர் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், அதே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில் அவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே.

நடராஜனிடம் அணி கண்டது பலவகைத் திறன் அன்று. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரே ஒரு திறன். அந்தத் திறனுக்கு டி20 ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. அந்த இடம் காலியாகும் நாளும் ஒருநாள் வந்தது. வலது கையால் ஆடுவோருக்குக் கால்நுனியில் இறங்கும் இடக்கைப் பந்துவீச்சாளரின் யார்க்கர், களைப்பிலும் அழுத்தத்திலும் பிசகாமல் வருகிறதா என்பதை ஒரு தேர்வு முகாமில் அறிய முடியாது. இரண்டு ஆண்டு வலைப்பயிற்சியில் அறியலாம்.

வேகம் மட்டும் போதுமா?

நடராஜனின் கதைக்கு நேர் எதிரானது ஜம்முவைச் சேர்ந்த உம்ரான் மாலிக்கின் கதை. விந்தை என்னவெனில், அதுவும் நடராஜனிடமிருந்தே தொடங்குகிறது. 2021 செப்டம்பரில் அமீரகத்தில் நடராஜனுக்குக் கொரோனா தொற்று உறுதியானபோது, அவருக்குத் தற்காலிக மாற்றாகச் சேர்க்கப்பட்டவர் அணியுடன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக இருந்த உம்ரான். அதுவரை ஜம்மு காஷ்மீருக்காக ஒரு டி20 ஆட்டமும், ஒரு லிஸ்ட் ஏ ஆட்டமும் மட்டுமே ஆடியிருந்தார்.

முதல் ஆட்டத்திலேயே மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டினார். இரண்டாவது ஆட்டத்தில் 152.95 கிலோமீட்டர். மூன்றே ஆட்டங்கள் ஆடிய வீரரை ரூ.4 கோடிக்குத் தக்கவைத்தது அணி. கேன் வில்லியம்சன், அப்துல் சமத் ஆகியோரோடு, 2022 மெகா ஏலத்துக்கு முன் தக்கவைக்கப்பட்ட மூவரில் ஒருவரானார்.

2022 சீசன் அந்த முடிவை முழுமையாக நியாயப்படுத்துவது போலவே அமைந்தது. 14 ஆட்டங்களில் 22 விக்கெட்டுகள், வளர்ந்துவரும் வீரருக்கான விருது, குஜராத்துக்கு எதிராக 25 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள், அதில் நால்வர் போல்டு. ஜூன் மாதமே அயர்லாந்தில் இந்திய அணிக்காக அறிமுகம்.

ஆனால் அதே சீசனில் இன்னோர் ஆட்டமும் இருந்தது. மே 5ஆம் தேதி டெல்லி கேபிடல்ஸ் அணிக்கு எதிராக உம்ரான் மணிக்கு 157 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்தை வீசினார். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது அந்த எண். அந்தப் பந்தை எதிர்கொண்ட ரோவ்மேன் பவல் அதை எல்லைக்கோட்டுக்கு விரட்டினார் என்பதும், அன்று உம்ரான் 4 ஓவர்களில் 52 ரன்கள் கொடுத்து விக்கெட் ஏதும் எடுக்கவில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. சீசன் முழுவதுமே அவர் ஓவருக்கு 9 ரன்களுக்கு மேல் கொடுத்திருந்தார்.

வேகம் எளிதில் அளக்கக்கூடியது; திரையில் உடனே தோன்றுவது. பந்து எந்த நீளத்தில் விழுகிறது, பேட்டர் தாக்கத் துணிந்தபின் அடுத்த பந்தை மாற்றிப் போடும் தெளிவு உண்டா, வேகம் குறைந்த பந்து கைவசம் உள்ளதா என்பவை அளக்கக் கடினமானவை. 2023இல் உம்ரானுக்கு 8 ஆட்டங்களே கிடைத்தன; 5 விக்கெட்டுகள். 2024இல் ஒரே ஓர் ஆட்டம். 2025 சீசனுக்கான ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் ரூ.75 லட்சத்துக்கு எடுத்தது; காயத்தால் அந்த சீசனையும் இழந்தார்.

உம்ரானிடம் இருந்த வேகம் பொய்யன்று. அதைக் கண்டறிந்த கண்களும் தவறவில்லை. உள்ளூர்ப் போட்டிகளில் இரண்டு, மூன்று ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஓவர்கள் வீசிக் கற்றிருக்க வேண்டியதை, கோடிக்கணக்கானோர் பார்க்கும் மேடையில் கற்க நேர்ந்தது அவருக்கு. நடராஜனுக்குக் கிடைத்த மறைவு உம்ரானுக்குக் கிடைக்கவில்லை.

ஹைதராபாத் விட்டுவிட்ட ஹைதராபாத்காரர்

ஆட்டோ ஓட்டுநரின் மகனான சிராஜ், 2016-17 ரஞ்சிப் பருவத்தில் ஹைதராபாத் அணிக்காக 41 விக்கெட்டுகள் எடுத்தவர். 2017இல் சன்ரைசர்ஸுக்காக 6 ஆட்டங்களில் 10 விக்கெட்டுகள், கான்பூரில் குஜராத் லயன்ஸ் அணிக்கு எதிராக 32 ரன்களுக்கு 4 விக்கெட்டுகள். அறிமுக சீசனுக்கு இது குறைவான விளைவன்று. எனினும் 2018 ஏலத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் அதே ரூ.2.6 கோடிக்கு அவரைப் பெற்றது.

பெங்களூரில் அவருடைய முதல் இரண்டு ஆண்டுகள் கடினமானவை. ரன்களை வாரி வழங்குபவர் என்ற கேலிக்கு ஆளானார். 2019இல் ஓவருக்கு 9 ரன்களுக்கு மேல் கொடுத்தார். அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் சன்ரைசர்ஸ் முடிவு சரியென்றே தோன்றும். பெங்களூர் அவரை விடவில்லை. 2020 அக்டோபர் 21ஆம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராக 4 ஓவர்களில் 2 மெய்டன்கள், 8 ரன்கள், 3 விக்கெட்டுகள் என்ற பந்துவீச்சு வந்தது. இரண்டு மாதங்களில் மெல்போர்னில் டெஸ்ட் அறிமுகம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள்.

அந்த பிரிஸ்பேன் டெஸ்டில் சிராஜுடன் பந்து வீசியவர்களில் ஒருவர் அன்று அறிமுகமான நடராஜன். 2018 ஏலத்தில் சன்ரைசர்ஸ் விட்டவரும் எடுத்தவரும் ஒரே இந்திய அணியில் நின்றனர். இருவருக்கும் பொதுவாக இருந்தது, யாரோ ஓர் அணி மோசமான ஆண்டுகளையோ ஆடாத ஆண்டுகளையோ பொறுத்துக்கொண்டது என்பதே.

ஹைதராபாத் மண்ணின் வீரர்கள் பிற அணிகளில் ஒளிர்வது சிராஜோடு முடியவில்லை. 2022 ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் ரூ.1.7 கோடிக்கு எடுத்த திலக் வர்மா முதல் சீசனிலேயே 397 ரன்கள் குவித்தார். ஐபிஎல் ஏலத்தில் சொந்த ஊர் வீரருக்கு முன்னுரிமை கிடையாது. ஆகவே இதை வெறும் அலட்சியம் என்று கூறிவிட முடியாது. எனினும் உள்ளூர் லீக் ஆட்டங்களைப் பத்து வயது முதல் நேரில் பார்க்கக்கூடிய வாய்ப்பு உள்ளூர் அணிக்கே அதிகம் என்பதால், உப்பல் ரசிகர்களின் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை.

அபிஷேக்கின் நீண்ட வழி

இன்று சன்ரைசர்ஸின் மிகச் சிறந்த கண்டெடுப்பு என்று போற்றப்படும் அபிஷேக் சர்மா, உண்மையில் அந்த அணி கண்டெடுத்தவர் அல்லர். 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை 2018இல் வென்ற இந்திய அணியில் இருந்த அவரை முதலில் வாங்கியது டெல்லி. அந்த ஆண்டு தம் முதல் ஆட்டத்தில் 19 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 46 ரன்கள் எடுத்தார். ஷிகர் தவானை டெல்லிக்கு அனுப்பிய பரிமாற்றத்தில் விஜய் சங்கர், ஷாபாஸ் நதீம் ஆகியோருடன் மூன்றாமவராக ஹைதராபாத் வந்தார் அபிஷேக். அன்று அந்தப் பரிமாற்றத்தின் தலைப்புச் செய்தியில் அவர் பெயர் கடைசியில்தான் இருந்தது.

2019 முதல் 2021 வரை கீழ்வரிசையில் அவ்வப்போது சில பந்துகள், இடக்கைச் சுழலில் சில ஓவர்கள். இந்தக் காலத்துப் புள்ளிவிவரத்தை வைத்து எந்தக் கணினியும் அவரைத் தொடக்க ஆட்டக்காரராகப் பரிந்துரைத்திருக்காது. 2022இல் ரூ.6.5 கோடிக்கு மீண்டும் வாங்கிய அணி அவரை இன்னிங்ஸைத் தொடங்க அனுப்பியது: 426 ரன்கள். 2023இல் 226 ரன்களாகச் சரிந்தது. அந்த இடத்தில் கைவிட்டிருந்தால் சிராஜின் கதை மீண்டும் நிகழ்ந்திருக்கும். அணி பொறுத்தது. அதே ஆண்டு இறுதியில் சையது முஷ்டாக் அலி கோப்பையைப் பஞ்சாப் வென்றபோது அபிஷேக் 485 ரன்கள் குவித்தார். உள்ளூர்ப் போட்டியைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு 2024இல் நிகழ்ந்தது முற்றிலும் வியப்பாக இருந்திருக்காது: டிராவிஸ் ஹெட்டுடன் இணைந்து 484 ரன்கள், 42 சிக்ஸர்கள், 204ஐத் தாண்டிய ஸ்ட்ரைக் ரேட்.

2025 ஏப்ரல் 12ஆம் தேதி உப்பலில் பஞ்சாப் கிங்ஸுக்கு எதிராக 55 பந்துகளில் எடுத்த 141 ரன்கள், ஐபிஎல்லில் இந்தியர் ஒருவர் அதுவரை எடுத்த அதிகபட்ச ஸ்கோர்.

திறன் மாறவில்லை, இடம் மாறியது என்பதை அபிஷேக்கின் பதிவு காட்டுகிறது. பவர்பிளேயில் இரண்டு ஃபீல்டர்கள் மட்டுமே வட்டத்துக்கு வெளியே நிற்கும்போது பலன் தரும் கைவீச்சு, 17ஆவது ஓவரில் ஐந்து பேர் எல்லைக்கோட்டில் காத்திருக்கும்போது பலன் தராமல் போகலாம். இளம் வீரரை எடைபோடுவோர் மொத்த ரன்களைப் பார்ப்பதைவிட, எந்த ஓவர்களில், எந்த வகைப் பந்துவீச்சுக்கு எதிராக எடுத்தார் என்று பிரித்துப் பார்ப்பது இதனால்தான். 2023 முதல் வந்த இம்பேக்ட் பிளேயர் விதியும் கணக்கை மாற்றியது. கூடுதலாக ஒரு பேட்டர் இருப்பதால் தொடக்க வீரர் துணிந்து ஆடலாம். கொஞ்சம் பேட்டிங், கொஞ்சம் பந்துவீச்சு என்றிருக்கும் ஆல்ரவுண்டருக்கோ பந்து வீசும் வாய்ப்பு குறைகிறது.

பொறுமை மட்டும் விடை தருவதுமில்லை. ஜம்மு காஷ்மீரின் அப்துல் சமத்தை 2020 சீசனுக்காக ரூ.20 லட்சத்துக்கு எடுத்த சன்ரைசர்ஸ், ஐந்து சீசன்கள் வைத்திருந்தது. 2023இல் ஜெய்ப்பூரில் நோ-பாலுக்குப் பின் கிடைத்த கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து வெற்றி தேடித்தந்தவர் அவர். ஆனால் பெரும்பாலான நாள்களில் இன்னிங்ஸின் இறுதியில் பத்துப் பந்துகளுக்கும் குறைவாகவே அவருக்கு எஞ்சியது. 2024 முடிவில் அவரும் வெளியேறினார். 19 வயதுக்குட்பட்ட இந்திய அணியின் தலைவராக 2020 உலகக்கோப்பையில் ஆடிய பிரியம் கார்க், அதே ஆண்டு சீசனுக்கு ரூ.1.9 கோடிக்கு வந்தவர். 2022 ஏலத்தில் அதே அணி அவரை எடுத்தது ரூ.20 லட்சத்துக்கு. இரண்டு ஆண்டுகளில் ஒருவரின் மதிப்பு ஒன்பது மடங்குக்கு மேல் சரிவதை அந்த வயதில் எதிர்கொள்வது எத்தகையது என்பதற்குப் புள்ளிவிவரம் இல்லை.

மலிவான இடங்களின் விலை

இளம் வீரர்களைத் தேடுவது அணிகளுக்கு ஆர்வம் மட்டுமன்று, கணக்கும்கூட. 2025 சீசனுக்கு ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு ரூ.120 கோடி. ஹென்ரிக் கிளாசென், பாட் கம்மின்ஸ், அபிஷேக், ஹெட், நிதிஷ் ஆகிய ஐவரைத் தக்கவைக்கவே சன்ரைசர்ஸ் ரூ.75 கோடி செலவிட்டது. ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் இஷான் கிஷன், முகமது ஷமி, ஹர்ஷல் படேல் மூவருக்கும் சேர்த்து ரூ.29.25 கோடி சென்றது. மீதமுள்ள பத்துக்கும் மேற்பட்ட இடங்களை நிரப்ப எஞ்சியது சுமார் ரூ.16 கோடி. அடிப்படை விலையில் கிடைக்கும் அறிமுகமில்லா இளைஞர்களைச் சரியாகக் கண்டறியாவிட்டால் அத்தகைய அணி நிமிர இயலாது.

அவ்வாறு வந்தவர்களில் இருவர் 2025 மார்ச் 30ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் டெல்லிக்கு எதிரான ஆட்டத்தில் வெளிப்பட்டனர். மத்தியப் பிரதேச லீக்கில் 41 பந்துகளில் 123 ரன்கள் எடுத்துக் கவனம் பெற்று, ரூ.30 லட்சத்துக்கு வந்த அனிகேத் வர்மா அன்று 41 பந்துகளில் 74 ரன்கள் எடுத்தார். உத்தரப் பிரதேச டி20 லீக்கில் அதிக விக்கெட் எடுத்து, ரூ.40 லட்சத்துக்கு வந்த லெக் ஸ்பின்னர் ஜீஷான் அன்சாரி தம் முதல் ஆட்டத்திலேயே ஃபாஃப் டு பிளெஸ்ஸி, ஜேக் ஃபிரேசர் மெக்கர்க், கே.எல்.ராகுல் மூவரையும் வீழ்த்தினார். ஆட்டத்தில் தோற்றது சன்ரைசர்ஸ்தான், எனினும் ரூ.70 லட்சத்துக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. சீசனின் பின்பகுதியில் மாற்று வீரராகச் சேர்க்கப்பட்ட விதர்பாவின் ஹர்ஷ் துபே, 2024-25 ரஞ்சிப் பருவத்தில் 69 விக்கெட்டுகள் எடுத்துச் சாதனை படைத்தவர். டி20 அணிக்கான ஆளைச் சிவப்புப் பந்துப் போட்டியில் தேடியது இங்கு குறிப்பிடத்தக்கது.

நிதிஷ் ரெட்டி விட்டுச்சென்ற கேள்வி

மேற்சொன்ன எல்லாக் கூறுகளும் ஒருவரிடம் கூடிவருவது நிதிஷ் குமார் ரெட்டியின் பதிவில்தான். 2023 சீசனுக்கு ரூ.20 லட்சத்துக்கு வந்தார். அந்த ஆண்டு 2 ஆட்டங்களில் இடம்பெற்றும் பேட் செய்யும் வாய்ப்பு வரவில்லை. 2024 ஏப்ரல் 9ஆம் தேதி பஞ்சாபுக்கு எதிராக அணி தடுமாறியபோது 37 பந்துகளில் 64 ரன்கள். மே 2ஆம் தேதி ராஜஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 76. சீசனில் 303 ரன்கள், வளர்ந்துவரும் வீரர் விருது. ஆண்டு முடிவதற்குள் மெல்போர்ன் டெஸ்டில் 114 ரன்கள்.

அதன்பின் காயம் வந்தது. ரூ.6 கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட அவர் 2025 ஐபிஎல்லில் 182 ரன்களே எடுத்தார். பந்துவீச்சிலும் சொற்ப ஓவர்களே வீசினார். 2022 விருதுக்குப் பின் உம்ரான் நின்ற அதே படியில், விருதுக்கு அடுத்த சரிவில், நிதிஷ் நின்றார். வயது 22. வேகப்பந்து வீசும் இந்திய ஆல்ரவுண்டர்கள் அரிது என்பதால் அவருக்கான காத்திருப்பு நீளலாம். அவரை ஐந்தாம் வரிசையில் பேட்டராக வளர்ப்பதா, பந்துவீச்சுச் சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதா என்பது அணி நிர்வாகத்தின் முன் உள்ள கேள்வி.

நடராஜனோ இப்போது ஹைதராபாத்தில் இல்லை. 2024இல் 19 விக்கெட்டுகள் எடுத்த பிறகும் தக்கவைப்புப் பட்டியலில் அவருக்கு இடம் இருக்கவில்லை. ஜெட்டா ஏலத்தில் ரூ.10.75 கோடிக்கு டெல்லி கேபிடல்ஸ் அவரை எடுத்தது. 2025 சீசனில் அந்த அணி அவருக்கு அளித்தது 2 ஆட்டங்கள்.